தலைமுடியின் நிறம் கேட்ட படிவம்

1

இந்த மாதத்தோடு நான் அமெரிக்காவுக்கு வந்து இருபத்திரண்டு வருடம் முடிகிறது. சென்னையில் விமானம் ஏறும்போது என்னோடு வந்தவற்றில் இன்றும் உருப்படியாக இருப்பவை இரண்டு. ஒன்று என் மனைவி மீனா, இன்னொன்று அவள் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த பிரஷர் குக்கர். என் தலைமுடி ஊரிலேயே கிளம்ப ஆரம்பித்து, கிரீன் கார்டு கைக்கு வருவதற்குள் மொத்தமாகப் போய்விட்டது. ஆகவே வழுக்கையைப் பற்றி எழுத எனக்கு எல்லாத் தகுதியும் உண்டு. ஆனால் இன்று எழுத உட்கார்ந்தது யூசுப்பின் வழுக்கையைப் பற்றி.

யூசுப் சோமாலியாக்காரர். வயது முப்பத்தெட்டு இருக்கலாம். டெக்சாஸில் நாங்கள் இருக்கும் ரிச்சர்ட்சனில், ஒரு மளிகைக் கடைக்கும் டயர் கடைக்கும் நடுவே சலூன் வைத்திருக்கிறார். காதுக்கு மேலே இரண்டு பக்கமும் எனக்கு மிச்சம் இருப்பதை மூன்று வாரத்துக்கு ஒரு முறை அவர்தான் வெட்டிவிடுகிறார். "அதுல வெட்டறதுக்கு என்னங்க இருக்கு?" என்று மீனா கேட்பாள். வெட்ட ஒன்றும் இல்லைதான். பேச நிறைய இருக்கிறது. பத்து வருடமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். அந்தப் பத்து வருடத்தில் பூவேலை செய்த ஒரு வெள்ளைத் தொப்பி இல்லாமல் அவர் தலையை நான் ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை. அவர்கள் வழக்கம் அது என்று விட்டுவிட்டேன்.

எங்கள் பேச்செல்லாம் ஆங்கிலத்தில்தான். அவருடைய ஆங்கிலமும் என்னுடைய ஆங்கிலமும் எங்கெங்கோ போய் எப்படியோ ஒரு இடத்தில் சந்தித்துக்கொள்ளும். இங்கே எழுதுவது என் காதில் தமிழாக விழுந்தது.

இங்குள்ள தமிழர்கள் நடுவே எனக்கு ஃபார்ம் மாமா என்று பெயர். யார் வீட்டில் எந்த விண்ணப்பம் என்றாலும் என்னிடம் வரும். எனக்கு அதில் ஒரு கிறுக்கு உண்டு. கறுப்பு மையில்தான் எழுதுவேன், இரண்டு நகல் எடுப்பேன், ஒரு கட்டத்தையும் காலியாக விடமாட்டேன். இது தெரிந்துதான் யூசுப் போன மாதம் என் கழுத்தில் துணியைக் கட்டிக்கொண்டே கேட்டார், "பிரதர், குடியுரிமைக்கு அப்ளை பண்ணலாம்னு இருக்கேன். கூட உக்காந்து எழுதித் தருவீங்களா?" ஆன்லைனிலும் செய்யலாம் என்றேன். அவருக்குக் காகிதத்தில்தான் நம்பிக்கை.

ஞாயிற்றுக்கிழமை காலை, கடை திறப்பதற்கு முன்பு, முடிவெட்டும் நாற்காலிகளில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து ஆரம்பித்தோம். பெயர் கட்டத்திலேயே எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. யூசுப் ஹசன் ஜாமா. யூசுப் இவர் பெயர், ஹசன் அப்பா பெயர், ஜாமா தாத்தா பெயர். அவர்களிலும் குடும்பப் பெயர் கிடையாது. நம் இனிஷியல் மாதிரிதான். என் ஆபீசில் என்னை மிஸ்டர் கோவிந்தசாமி என்று கூப்பிடும்போதெல்லாம் என் அப்பா திரும்பிப் பார்ப்பார் என்று எனக்குத் தோன்றும். அதைச் சொன்னதும் யூசுப் சிரித்தார். பிறந்த தேதி ஜனவரி ஒன்று. அகதி முகாமில் எழுதியவர் போட்ட தேதி அது. என்னுடையதும் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது தலைமையாசிரியர் போட்ட தேதிதான் என்றேன். இப்படியே கைகோத்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் போய் தலைமுடியின் நிறம் என்ற கேள்விக்கு வந்தோம்.

"பிளாக்," என்றார் யூசுப்.

வரிசையாகக் கட்டங்கள் இருந்தன. முதல் கட்டமே வழுக்கை, முடி இல்லை. அதற்கப்புறம்தான் கறுப்பும் பிரவுனும் மற்றதும். என் சொந்த விண்ணப்பத்தில் நான் கூசாமல் கறுப்பு என்று போட்டிருந்தேன். நேர்காணலில் அதிகாரி அம்மாள் காகிதத்தைப் பார்த்தார், என் தலையைப் பார்த்தார், மறுபடி காகிதத்தைப் பார்த்தார். பிறகு எதுவும் சொல்லாமல் திருத்தினார். அதை யூசுப்பிடம் சொல்லி, "உங்களுக்குப் பிரச்சனை இல்லை, உங்களுக்குத்தான் முடி இருக்கே," என்றேன்.

யூசுப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்துபோய்க் கடைக் கண்ணாடித் திரையை இழுத்துவிட்டு வந்து தொப்பியைக் கழற்றினார்.

அப்படியே என் தலைதான். நெற்றியிலிருந்து உச்சிவரை ஒன்றுமில்லை. பின்னால் காதிலிருந்து காதுவரை ஒரு அரைவட்டம்.

2

ஊரில் எல்லாருடைய தலையிலும் கை வைக்கிறவர் தன் தலையை மறைத்துக்கொண்டு பத்து வருடம் நின்றிருக்கிறார். எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன்.

"வழுக்கைத் தலை பார்பர்கிட்ட யார் வருவாங்க?" என்றார். அது பாதி உண்மை. மீதியை அவர் சொல்ல இன்னும் ஒரு வாரம் ஆனது.

யூசுப்பிடம் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் சோமாலியாக்காரர்கள். லாரி ஓட்டுகிறவர்கள், கிடங்கில் வேலை செய்கிறவர்கள், தாடிக்கு மருதாணி போட்டுச் சிவக்க வைத்த பெரியவர்கள். முப்பது வயதிலேயே முன்னால் ஏற ஆரம்பித்துவிட்டது என்று புலம்பாதவர் குறைவாம். ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம். டெக்சாஸ் தண்ணீர். லாரி கேபினின் சூடு. நாள் முழுக்கப் போடுகிற தொப்பி. இந்த ஊர்க் கோழி. ஊரில் விட்டு வந்தவர்களை நினைத்துக் கவலை. கண்ணேறு. கருஞ்சீரக எண்ணெயை ஒரு நாள் விட்டது. முகாமில் சாப்பாடு சரியில்லாமல் வளர்ந்தது.

கேட்கக் கேட்க எனக்குத் தமிழ்ச் சங்கப் பிக்னிக்கில் உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது. பிளசன்டனிலிருந்து இங்கே மாறிவந்த நம் ஆள் ஒருவர், கலிபோர்னியாத் தண்ணீரில் முடி நன்றாக இருந்தது, டெக்சாஸ் வந்துதான் போனது என்று சத்தியம் செய்வார். அவருடைய பழைய போட்டோவில் அங்கேயே போயிருந்தது எங்கள் எல்லாருக்கும் தெரியும். நான் மட்டும் என்ன ஒழுங்கு? ஊரில் இருந்தபோது போர்வெல் தண்ணீர் என்றேன், பிறகு ஹெல்மெட் என்றேன், இங்கே வந்து விசா டென்ஷன் என்றேன். ஏதோ ஒன்றைப் பழி சொல்லாவிட்டால் நமக்குத் தூக்கம் வராது.

"உங்க ஆளுங்க கதையெல்லாம் சரி, உங்களுக்கு எதனாலன்னு நினைக்கறீங்க?" என்று கேட்டேன்.

"தெரியலை பிரதர். என் அம்மாவோட அண்ணன் தம்பி நாலு பேரு. எழுபது வயசுல இன்னும் சீப்பு வச்சிருக்காங்க."

"அப்பா?"

யூசுப் தொப்பியை மறுபடி போட்டுக்கொண்டார். படிவத்தை மடித்து மேசை இழுப்பறைக்குள் வைத்தார். "கடை திறக்கணும்," என்றார்.

3

அன்று மத்தியானம் என் மகன் கௌதம் சாப்பிட வந்தான். இருபது வயது. இங்கேயே யுனிவர்சிட்டியில் படிக்கிறான். வீடு பத்து நிமிட டிரைவ், ஆனாலும் தனி அபார்ட்மென்ட். தமிழ் புரியும், பதில் ஆங்கிலத்தில் வரும். அவன் தொப்பியைச் சாப்பாட்டு மேசையிலும் கழற்றாதது அன்றைக்குத்தான் என் கண்ணில் பட்டது.

"என்னடா அது, சாப்பிடும்போது? எடு," என்றேன்.

எடுத்தான். நெற்றியின் இரண்டு ஓரமும் உள்ளே போயிருந்தது. நான் பார்ப்பதைப் பார்த்தான்.

"யுவர் ஜீன்ஸ், அப்பா. தேங்க்ஸ் எ லாட்," என்றான்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "வேற என்னல்லாம் குடுத்தேன், அதெல்லாம் சொல்லமாட்டே. இது மட்டும்தான் தெரியுதா உனக்கு?" என்று கத்தினேன். ரசம் பாதியில் எழுந்து போய்விட்டான். "அவனே நொந்துபோயிருக்கான், நீங்க வேற," என்று மீனா என்னைத்தான் திட்டினாள். அவள் சொன்னதுதான் நியாயம். அவன் வயதில் நான் என் அப்பாவிடம் இதே கோபத்தோடு இருந்தேன், வாய்விட்டுச் சொல்லும் தைரியம்தான் இல்லை. பெண் பார்க்கப் போனபோது அப்பா முன்னால் வராமல் இருந்தால் நல்லது, என் வருங்காலத்தை அவர் தலையில் பார்த்துவிடுவார்கள் என்று நினைத்தவன் நான். அப்பா இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

4

அடுத்த வாரம் யூசுப்பே போன் செய்தார். டாக்டர் யாராவது தெரியுமா என்று கேட்டார். பக்கத்து ஊர் ஆலனில் தோல் டாக்டராக இருக்கும் ராஜி எங்கள் குடும்ப நண்பர். இங்குள்ள பிள்ளைகளுக்கெல்லாம் ராஜி ஆண்ட்டி. யூசுப் என்னையும் கூடவே உள்ளே வரச் சொன்னார்.

ராஜி அவரை உட்கார வைத்து, லென்ஸ் வைத்து, விளக்கடித்து, உச்சியிலிருந்து பிடரிவரை அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். நகத்தைப் பார்த்தார். இரத்தப் பரிசோதனை முன்பே ஆகியிருந்தது, தைராய்டு சரி, இரும்புச்சத்து சரி. பிறகு பொறுமையாக விளக்கினார். தன்னிடம் சோமாலி ஆண்கள் நிறையப் பேர் வருகிறார்கள், ரொம்பத் தாமதமாக வருகிறார்கள், அதற்குள் எல்லா எண்ணெயும் போட்டுப் பார்த்திருப்பார்கள் என்றார். சிலருக்குத் தலையில் படர்தாமரை, அதற்கு மருந்து உண்டு. சிலருக்கு ஒட்டச் சிரைத்துச் சிரைத்துப் பிடரியில் கட்டி கட்டியாக வந்து அந்த இடத்தில் முடி முளைக்காது, சீக்கிரம் வந்தால் நிறுத்தலாம். சிலருக்கு நாணயம் வைத்தது போல வட்டமாகக் கொட்டும், அது உடம்பே தன் முடியை எதிரியாக நினைப்பதால் வருவது. பெரிய நோய்க்கோ பெரிய அதிர்ச்சிக்கோ அப்புறம் கொத்துக் கொத்தாகப் போகும், பெரும்பாலும் திரும்பி வரும். தண்ணீர் இல்லை, கோழி இல்லை, தொப்பி இல்லை.

என் பக்கம் திரும்பித் தமிழில், "நம்ம ஊரு ஆளுங்களும் அவங்க ஊரு ஆளுங்களும் ஒரே டயலாக்தான், தண்ணி ஒத்துக்கலை டாக்டர்னு ஆரம்பிப்பாங்க. பாதிக்கு மேல பரம்பரைதான்," என்றார்.

"இவருக்கு?"

"அதேதான். பேட்டர்ன் பார்த்தாலே தெரியுது."

அதை யூசுப்பிடம் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, குறிப்பில் எழுதுவதற்காகச் சாதாரணமாகக் கேட்டார். "அப்பாவுக்கு வழுக்கை உண்டா?"

"எனக்குத் தெரியாது," என்றார் யூசுப்.

ராஜி வேறு எதுவும் கேட்கவில்லை. அம்மா வழியிலும் வரலாம், அப்பா வழியிலும் வரலாம், இரண்டும் கலந்தும் வரலாம், தலையைப் பார்த்து எந்தப் பக்கம் என்று சொல்ல முடியாது என்று மட்டும் சொன்னார். மருந்து இருக்கிறது, போனது திரும்புவது கஷ்டம், இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார். யூசுப் மருந்துச் சீட்டை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். டாக்டர் சொன்னதை அவர் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை.

திரும்பி வரும்போது ஃப்ரீவேயில் நான் காரை ஓட்ட, அவர் ரோட்டைப் பார்த்தபடி பேசினார். அப்பா சண்டையில் இறந்தபோது அவருக்கு நாலு வயது. வீடு போய்விட்டது, ஒரு போட்டோ கிடையாது. அம்மா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கென்யாவுக்கு நடந்தார். முகாமில் வைத்து யூசுப் ஒரு தடவை அப்பா எப்படி இருப்பார் என்று கேட்டிருக்கிறார். அம்மா இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை. அதற்கப்புறம் யாரும் கேட்டதில்லை.

"ஒரே ஒரு ஞாபகம் இருக்கு. யாரோ ஒருத்தர் தோள் மேல உக்காந்திருக்கேன். கீழ விழாம இருக்க எதையோ ரெண்டு கையால பிடிச்சிருக்கேன். வழவழன்னு, வெதுவெதுன்னு இருக்கு. அது யாருன்னு தெரியாது. பக்கத்து வீட்டுக்காரரா இருக்கலாம், மாமாவா இருக்கலாம்."

"மாமாக்களுக்கு முடி இருக்குன்னீங்களே?"

"அதைத்தான் பத்து வருஷமா நினைச்சுக்கிட்டிருக்கேன், பிரதர். ஒவ்வொரு வருஷமும் கண்ணாடியில பார்க்கும்போதெல்லாம்."

"அம்மாகிட்ட கேட்டுடலாமே."

"கேட்டு, அப்பாவுக்கு நல்ல முடி இருந்ததுன்னு சொல்லிட்டா? அப்ப என்கிட்ட அவரோடதுன்னு ஒண்ணுமே இல்லைன்னு ஆயிடும். கேக்காம இருந்தா ஒரு 'இருக்கலாம்' கையில இருக்கு."

எந்தக் கட்டத்தையும் காலியாக விடாதவன் நான். அன்று அந்தக் கட்டத்தைக் காலியாகவே விட்டுவிட்டேன். வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தேன்.

5

போன ஞாயிற்றுக்கிழமை காலை மறுபடி வரச் சொன்னார். படிவத்தை முடித்துவிடலாம் என்றார். நான் போனபோது திரை இழுத்துவிட்டிருந்தது, நாற்காலியில் உட்கார்ந்து போனைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா இருக்கும் நைரோபியில் அப்போது சாயங்காலம். அம்மா தொழுகையை முடித்துவிட்டுத் தேநீரோடு உட்காரும் நேரம். வாரா வாரம் வீடியோவில் பேசுகிறவர்தான். தொப்பியோடு பேசுவார்.

"நீங்க இருங்க. நீங்க இருந்தா போனை வச்சிடமாட்டேன்," என்றார்.

அம்மா திரையில் வந்தார். ஆரஞ்சு முக்காடு, கையில் கண்ணாடி டம்ளர். எனக்கு ஒரு சலாம் சொன்னார். யூசுப் ஏதோ பேசினார். அந்த மொழியில் எனக்கு ஒரு வார்த்தை தெரியாது. ஆனால் வேறு எதையோ பேசி இழுத்துக்கொண்டிருக்கிறார் என்பது தெரிந்தது. நானும் என் அப்பாவிடம் அப்படித்தான் இழுப்பேன். திடீரென்று பேச்சை நிறுத்தித் தொப்பியைக் கழற்றினார்.

அம்மா டம்ளரைக் கீழே வைத்தார். முகத்தைப் போனுக்குக் கிட்டே கொண்டுவந்து அப்படியே நின்றுவிட்டார். லைன் கட்டாகிவிட்டதோ என்றுகூட நினைத்தேன். பிறகு ஒரே ஒரு வார்த்தை சொன்னார். யூசுப் தலையைக் குனிந்து போன் பக்கம் காட்டினார். அப்போது திரை இருட்டாகிவிட்டது.

என்ன ஆயிற்று என்று எட்டிப் பார்த்தேன். விரல் இடுக்கில் கொஞ்சம் வெளிச்சம் தெரிந்தது. அம்மா அங்கே தன் போனில் தெரிந்த தலைமேல் உள்ளங்கையை வைத்துத் தடவிக்கொண்டிருந்தார்.

சத்தம் போடாமல் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்துவிட்டேன்.

வெளியே இரண்டு லாரி டிரைவர்கள் கடை திறக்கக் காத்திருந்தார்கள். இன்னும் கொஞ்ச நேரம் ஆகும் என்றேன். அவர்களோடு சேர்ந்து நடைபாதையில் நின்றேன். என்ன தோன்றியதோ, போனில் தேடி என் அப்பாவின் படம் ஒன்றை எடுத்துக் கௌதமுக்கு அனுப்பினேன். அப்பாவுக்கு என் வயது இருக்கும்போது எடுத்தது. முகத்தைவிடத் தலைதான் அதிகமாக வெளிச்சம் அடிக்கும். ரசச் சண்டைக்கு அப்புறம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது. இது நீங்களா, எப்போது எடுத்தது என்று ஆங்கிலத்தில் கேட்டிருந்தான்.

இல்லை, உன் தாத்தா என்று தட்டினேன்.

மறுபடி பதில் வந்தது. நல்ல முகம், வேறு படம் இருக்கிறதா?

6

முக்கால் மணி நேரம் கழித்து யூசுப் என்னை உள்ளே கூப்பிட்டார். முகம் கழுவியிருந்தார். கண் சிவந்திருந்தது, வாய் சிரித்துக்கொண்டிருந்தது.

"எங்க அப்பா தொப்பியோடதான் கல்யாணம் பண்ணிக்கிட்டாராம். கல்யாணம் முடிஞ்சு வீட்டுக்கு வந்து கழற்றினப்பதான் அம்மாவுக்குத் தெரியுமாம். ஒரு நாள் முழுக்க அழுதாங்களாம். அப்புறம் அஞ்சு வருஷமும் சிரிச்சேன்னு சொல்றாங்க."

நானும் சிரித்தேன்.

"வெளியில ஒருத்தரும் அவர் தலையைப் பார்த்ததில்லை. வீட்டுக்குள்ள வந்ததும் தொப்பியை ஆணியில மாட்டிட்டு என்னைத் தோள்ல தூக்கி வச்சுக்குவாராம். நான் மேல உக்காந்து ரெண்டு கையாலயும் தாளம் போடுவேனாம். அம்மா திட்டுவாங்களாம், மனுஷனுக்கு வலிக்கும்டான்னு. அவர், அடிக்கட்டும் விடுன்னுவாராம்." இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து அவற்றையே பார்த்தார். "அது மாமா இல்லை, பிரதர். பக்கத்து வீட்டுக்காரர் இல்லை."

"அம்மா எப்படி இருக்காங்க?"

"அடுத்த வாரமும் தொப்பி இல்லாம வான்னு சொல்லியிருக்காங்க."

மேசை இழுப்பறையிலிருந்து படிவத்தை எடுத்து விரித்தார். மற்ற எல்லாவற்றையும் நான்தான் எழுதியிருந்தேன். இதற்கு மட்டும் என் கையிலிருந்து பேனாவை வாங்கிக்கொண்டார். வழுக்கை, முடி இல்லை என்ற முதல் கட்டத்தில், கோடு வெளியே போகாமல், அழுத்தி ஒரு குறி போட்டார். மை காயட்டும் என்று ஊதினார். இதற்கு முன்பு முகாமிலும் தூதரகத்திலும் அவர் கொடுத்த எல்லாக் காகிதத்திலும் அப்பாவைப் பற்றிய கேள்விக்குப் பெயரைத் தவிர மற்றதெல்லாம் தெரியாது, தெரியாது என்றுதான் எழுதியிருக்கிறாராம்.

"பிரதர், இது யார்கிட்டேருந்து வந்ததுன்னு எழுத இதுல எங்கயாவது இடம் இருக்கா?"

இருபத்திரண்டு வருடமாக இந்த நாட்டின் படிவங்களை நிரப்புகிறேன். எந்தப் படிவத்திலும் அப்படி ஒரு கட்டத்தை நான் பார்த்ததில்லை. இல்லை என்றேன்.

"பரவாயில்லை," என்றார்.

தொப்பியை எடுத்தார். தலைக்குத்தான் போகும் என்று நினைத்தேன். கண்ணாடிக்குப் பக்கத்தில், சீப்பும் துண்டும் தொங்குகிற ஆணியில் அதை மாட்டிவிட்டு, திரையை மேலே ஏற்றிக் கடையைத் திறந்தார்.